குரோ டோக்: தலைவரைக் கொன்ற பொலிஸ் கப்டனும் ஒரு மக்களின் சட்ட எல்லையும்

பொலிஸ் அதிகாரம் என்ற சொல்லைக் கேட்காமல் எங்கள் பகுதியில் ஒரு தேர்தலும் கடந்துபோனதில்லை. 1987 இல் வந்த 13ஆவது திருத்தத்தில் மாகாணப் பொலிஸ் பற்றி விரிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. எந்தக் குற்றத்தை மாகாணப் பொலிஸ் விசாரிக்கலாம், எதை விசாரிக்கக்கூடாது என்ற பட்டியல்கூட அதில் உண்டு. ஆனால் அந்தப் பொலிஸ் இன்றுவரை உருவாகவில்லை. ஒரு நாட்டுக்குள் வாழும் இன்னொரு மக்களுக்கென்று பொலிஸ் இருந்தால் அதன் கை எதுவரை நீளும் என்ற கேள்வியோடு மற்ற நாடுகளின் அனுபவங்களைப் படிக்கத் தொடங்கினேன். அப்படித்தான் குரோ டோக் என்ற மனிதரின் கதைக்கு வந்து சேர்ந்தேன்.

அவர் இறந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அமெரிக்காவின் லகோட்டா மக்களில் ஒருவர். ஒரு காலத்தில் பழங்குடிப் பொலிஸின் கப்டன். பின்னர் தன் மக்களின் தலைவரையே சுட்டுக் கொன்றவர். அந்தக் கொலையின் பின்னால் எழுந்த வழக்கும், வழக்கின் பின்னால் வந்த சட்டமும்தான் இன்றைக்கும் அமெரிக்காவின் பழங்குடி ஒதுக்கிடங்களில் யார் யாரைக் கைது செய்யலாம் என்பதன் அடித்தளமாக இருக்கின்றன. அமெரிக்காவில் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு அவருடைய பெயர் ஒரு வழக்கின் தலைப்பு. அந்தத் தலைப்புக்குப் பின்னால் இருந்த மனிதரின் வாழ்க்கையே என்னை அதிகம் தொந்தரவு செய்தது.

லகோட்டா மொழியில் அவருடைய பெயர் காங்கி ஷுங்கா. காங்கி என்றால் காகம், ஷுங்கா என்றால் நாய். 1833 ஆம் ஆண்டளவில் பிறந்தவர். லகோட்டாக்களில் சிச்சாங்கு என்ற பிரிவைச் சேர்ந்தவர். பிரெஞ்சு வணிகர்கள் அந்தப் பிரிவினரை புரூலே என்று அழைத்தனர். சிச்சாங்குகளின் முதன்மைத் தலைவராக இருந்த கொன்குவரிங் பெயார் இவருக்கு உறவுமுறையில் மாமன் என்று சொல்லப்படுகிறது. அந்த உறவு முக்கியமானது. ஏனென்றால் கொன்குவரிங் பெயார் இறந்ததும் சட்ட எல்லை பற்றிய ஒரு தகராறில்தான்.

1854 ஓகஸ்ட் மாதம். லாரமி கோட்டைக்கு அருகே மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்த மொர்மன் குடியேறிகளின் மாடு ஒன்று வழிதவறி லகோட்டா முகாமுக்குள் வந்தது. அங்கே விருந்தினராகத் தங்கியிருந்த வேறொரு பிரிவைச் சேர்ந்த ஒருவர் அதைக் கொன்றுவிட்டார். மாட்டுக்கு ஈடாகக் குதிரை தருவதாகத் தலைவர் முன்வந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் கையெழுத்தான ஒப்பந்தமும் தவறு நடந்தால் ஈடு செய்வது பற்றியே பேசியது. ஆனால் கிரட்டன் என்ற இளம் இராணுவ அதிகாரி இரண்டு பீரங்கிகளுடனும் ஏறத்தாழ 30 பேருடனும் முகாமுக்கே வந்து, ஆளைக் கையளிக்க வேண்டும் என்று நின்றார். வேறு பிரிவைச் சேர்ந்த விருந்தினரைப் பிடித்துக்கொடுக்கும் அதிகாரம் தலைவருக்கு இருக்கவில்லை. அதை அந்த அதிகாரி விளங்கிக்கொள்ளவில்லை. துப்பாக்கிகள் வெடித்தன. தலைவர் படுகாயமடைந்து சில நாட்களில் இறந்தார். கிரட்டனும் அவருடன் வந்தவர்களும் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு செப்டெம்பரில் இராணுவம் புளூ வோட்டர் ஓடையருகே ஒரு சிச்சாங்கு முகாமைத் தாக்கி 80 இற்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பெண்களும் பிள்ளைகளும் கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர்.

ஒரு மாட்டில் தொடங்கியது இது. ஈடு கொடுத்து முடிப்பதா, ஆளைப் பிடித்துத் தண்டிப்பதா என்ற இரண்டு நீதிமுறைகள் மோதிய இடம் அது. அப்போது குரோ டோக்குக்கு இருபது வயது கடந்திருந்தது. அதே கேள்வி பின்னர் தன் தலைமேல் வந்து விழும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

வெள்ளையர்கள் வருவதற்கு முன்னர் லகோட்டாக்களிடம் பொலிஸ் இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆகிச்சிட்டா என்று அழைக்கப்பட்ட வீரர் குழுக்கள் இருந்தன. முகாம் இடம்பெயரும்போதும் காட்டெருமை வேட்டையின்போதும் ஒழுங்கைக் காப்பது அவர்களின் வேலை. கூட்டு வேட்டை தொடங்கும் முன்னர் ஒருவர் தனியே போய் மந்தையைக் கலைத்துவிட்டால் ஊரே பட்டினி கிடக்க நேரிடும். அப்படிச் செய்தவரின் கூடாரத்தைக் கிழிக்கவும் குதிரையைக் கொல்லவும் ஆகிச்சிட்டாவுக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் அந்த அதிகாரம் முகாமின் சபையிடமிருந்து வந்தது, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே நீடித்தது. சொந்த மக்களுக்குள் கொலை நடந்தால் சமாதானம் செய்பவர்கள் இரண்டு குடும்பங்களுக்கும் இடையே நடந்தார்கள். பழிக்குப் பழி என்று இரத்தம் தொடராமல் நிறுத்துவதே அவர்களின் நோக்கம்.

1868 இல் லாரமி கோட்டையில் கையெழுத்தான ஒப்பந்தம் இன்றைய தென் டகோட்டா மாநிலத்தின் மேற்குப் பாதி முழுவதையும் சியூ மக்களின் ஒதுக்கிடமாக ஏற்றுக்கொண்டது. 1874 இல் அங்குள்ள கறுப்பு மலைகளில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. தங்கம் தேடுபவர்கள் ஒப்பந்தத்தை மீறி உள்ளே புகுந்தனர். அவர்கள் சட்டவிரோதமாக எழுப்பிய ஊர்களில் ஒன்றுதான் டெட்வுட். 1876 இல் போர் நடந்தது. 1877 இல் கொங்கிரஸ் ஒரு சட்டத்தின் மூலம் கறுப்பு மலைகளை எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு சிச்சாங்குகள் ரோஸ்பட் என்ற நிர்வாக நிலையத்தில் குடியமர்த்தப்பட்டனர். உணவுப் பங்கீடு, துணி, மாடு எல்லாமே ஏஜென்ட் என்று அழைக்கப்பட்ட அரச அதிகாரியின் கையில் இருந்தன. பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நின்ற எங்கள் வாசகர்களுக்கு அந்த வாழ்க்கையை நான் விளக்கத் தேவையில்லை.

அதே 1878 இல் கொங்கிரஸ் பழங்குடிப் பொலிஸுக்கு முதன்முதலாகப் பணம் ஒதுக்கியது. 430 பொலிஸாருக்கு மாதம் 5 டொலர், 50 அதிகாரிகளுக்கு மாதம் 8 டொலர். சீருடை அணிந்தவர்கள் அந்த மக்களிலிருந்தே எடுக்கப்பட்டார்கள். கட்டளை மட்டும் ஏஜென்டிடமிருந்து வந்தது. இராணுவத்தைக் கொண்டுவருவதைவிட இது மலிவானது. அதைவிட முக்கியமாக, தலைவர்களின் செல்வாக்கைக் குறைப்பதற்கு இது ஒரு வழியாகவும் இருந்தது. ஊர்ச் சபைக்குக் கட்டுப்பட்ட ஆகிச்சிட்டாவின் இடத்தில், சம்பளம் கொடுப்பவருக்குக் கட்டுப்பட்ட ஓர் அமைப்பு வந்தது.

ரோஸ்பட்டில் அப்போது பெரும் செல்வாக்கோடு இருந்தவர் ஸ்பொட்டட் டெயில். லகோட்டா மொழியில் சின்டே க்ளெஷ்கா, புள்ளிவால். 1855 தாக்குதலின் பின்னர் தன் மக்களுக்கு மேலும் தீங்கு வராதிருக்கத் தானாகவே சரணடைந்து சிறையிருந்தவர். போரில் வெல்ல முடியாது என்று கணித்து, பேச்சுவார்த்தையால் இருப்பதைக் காப்பாற்ற முயன்றவர். அவரை அரசின் ஆள் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் தன் பிள்ளைகளை அனுப்பிய கார்லைல் உறைவிடப் பாடசாலைக்கு 1880 இல் நேரில் போய்ப் பார்த்து, அங்கே நடப்பது பிடிக்காமல் அவர்களைத் திருப்பி அழைத்துவந்தவரும் அவர்தான்.

குரோ டோக் அந்த ஏஜென்சிப் பொலிஸின் கப்டனாக நியமிக்கப்பட்டார். பழைய முறைகளில் பிடிப்புள்ள ஒருவர், புதிய அமைப்பின் சீருடைக்குள் வந்தார். தலைவருக்கும் கப்டனுக்கும் இடையே பிணக்கு வளர்ந்தது. பொலிஸ் யாருக்குக் கட்டுப்பட்டது என்பதில் தகராறு. மேய்ச்சல் நிலத்துக்கு வெள்ளைப் பண்ணையாளர்கள் கொடுத்த பணத்தில் தகராறு. இன்னொருவரின் மனைவியைத் தலைவர் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார் என்பதிலும் தகராறு. எது முதன்மையான காரணம் என்பதில் அந்த மக்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. கடைசியில் குரோ டோக் பதவியை இழந்தார்.

1881 ஓகஸ்ட் 5 ஆம் திகதி, சபைக் கூட்டம் முடிந்து ஸ்பொட்டட் டெயில் வந்துகொண்டிருந்தார். குரோ டோக் மனைவியுடன் வண்டியில் வந்துகொண்டிருந்தார். வழியில் இருவரும் எதிர்ப்பட்டனர். குரோ டோக்கின் துப்பாக்கி வெடித்தது. தலைவர் விழுந்தார். அவரும் ஆயுதத்தை எடுக்க முயன்றார் என்று ஒரு தரப்பு சொன்னது. காத்திருந்து செய்த கொலை என்று மறுதரப்பு சொன்னது.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையின் மையம். சபை கூடியது. சமாதானம் செய்பவர்கள் இரண்டு குடும்பங்களுக்கும் இடையே போனார்கள். குரோ டோக்கின் பக்கம் 600 டொலர் பணம், எட்டுக் குதிரைகள், ஒரு போர்வை ஆகியவற்றைக் கொடுப்பதென்றும், ஸ்பொட்டட் டெயிலின் குடும்பம் அதை ஏற்பதென்றும் முடிவானது. கொடுக்கப்பட்டது, ஏற்கப்பட்டது. லகோட்டா சட்டத்தின்படி வழக்கு முடிந்தது.

இதைப் படிக்கும்போது நானும் தயங்கினேன். ஓர் உயிருக்கு எட்டுக் குதிரையா என்ற கேள்வி எவருக்கும் எழும். ஆனால் அங்கே நடந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கொன்றவர் மறைந்திருக்கவில்லை. யார் கொன்றது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கொன்றவரின் உறவினர்கள் ஊர் பார்க்க இறந்தவரின் உறவினர்களிடம் போனார்கள். மறுத்துவிடும் உரிமை அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. நாளைக்கும் அதே ஓடையில் தண்ணீர் அள்ள வேண்டிய இரண்டு குடும்பங்கள், இனி இரத்தம் வேண்டாம் என்று முடிவெடுத்தன. அது பூரணமான நீதி என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் அதில் ஒப்புக்கொள்ளுதல் இருந்தது.

அரசு அதை ஒரு தீர்ப்பாகவே கருதவில்லை. ஏஜென்டின் கட்டளைப்படி குரோ டோக் கைது செய்யப்பட்டு, நெப்ராஸ்காவிலிருந்த நியோப்ராரா கோட்டையில் அடைக்கப்பட்டார். பின்னர் விசாரணைக்காக டெட்வுட்டுக்குக் கொண்டுபோகப்பட்டார். லகோட்டாக்களின் மலையில், ஒப்பந்தத்தை மீறி எழுந்த அந்தத் தங்க ஊரில்தான் ஒரு லகோட்டா இன்னொரு லகோட்டாவைக் கொன்ற வழக்கு விசாரிக்கப்பட்டது. ஜூரிகள் அனைவரும் வெள்ளையர்கள். 1882 இல் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது.

தண்டனை நிறைவேற்றப்படுவதற்கு முன்னர் குடும்ப அலுவல்களை முடித்துவர அவருக்கு அனுமதி கிடைத்ததாகவும், குறித்த நாளில் அவர் திரும்பி வரமாட்டார் என்று ஊரே எதிர்பார்த்திருக்க, பனிப்புயலுக்குள் பயணம் செய்து திரும்பி வந்ததாகவும் ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. அக்காலச் செய்தித்தாள்கள் அதைப் பெரிதாக எழுதின. கதையின் ஒவ்வொரு விபரமும் சரியா என்று என்னால் உறுதிசொல்ல முடியாது. ஆனால் தூக்குமரத்தை நோக்கித் தானாக நடந்து வந்த மனிதர் என்ற படிமம், வெள்ளை வாசகர்களின் மனத்தில் அவர்மீது ஓர் இரக்கத்தை ஏற்படுத்தியது.

வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1883 டிசெம்பர் 17 ஆம் திகதி நீதிபதிகள் ஒருமனதாக அவரை விடுவித்தனர். நீதியரசர் ஸ்டான்லி மத்தியூஸ் எழுதிய தீர்ப்பின் சாரம் எளிமையானது. பழங்குடி ஒருவர் இன்னொரு பழங்குடிக்கு எதிராக ஒதுக்கிடத்துக்குள் செய்யும் குற்றத்தைச் சமஷ்டிச் சட்டம் தெளிவாகவே தன் எல்லைக்கு வெளியே விட்டிருக்கிறது. 1868 ஒப்பந்தமோ 1877 சட்டமோ அந்த விதிவிலக்கை நீக்கவில்லை. அப்படி நீக்க வேண்டுமானால் கொங்கிரஸ் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாதவரை அந்த மக்களின் உள்விவகாரம் அந்த மக்களுடையது.

தீர்ப்பின் மொழியைப் படித்தால் மகிழ்ச்சி வராது. லகோட்டாக்களை நாகரிகம் அடையாதவர்களாகவே நீதிமன்றம் பார்த்தது. அவர்களுக்குத் தெரியாத சட்டத்தால், அவர்களுக்குச் சமமில்லாதவர்களைக் கொண்டு அவர்களை அளப்பது முறையல்ல என்ற வாதம் அந்த இழிவான பார்வையோடு சேர்ந்தே வந்தது. ஆனாலும் விளைவு பெரியது. தன் மக்களுக்குள் நடக்கும் குற்றத்தைத் தானே தீர்க்கும் அதிகாரம் பழங்குடிக்கு உண்டு என்று நாட்டின் உச்ச மன்றம் ஒப்புக்கொண்டது. குரோ டோக் உயிரோடு வீடு திரும்பினார்.

அந்த வெற்றி பதினைந்து மாதங்கள்கூட நீடிக்கவில்லை. கொலைகாரன் குதிரை கொடுத்துத் தப்பிவிட்டான் என்று பத்திரிகைகள் கொதித்தன. பழங்குடிகளைத் தமது சட்டத்தின் கீழ் கொண்டுவர ஏற்கெனவே காத்திருந்த அதிகாரிகளுக்கு இந்த வழக்கு நல்ல வாய்ப்பாக அமைந்தது. 1885 மார்ச் 3 ஆம் திகதி கொங்கிரஸ் பெருங்குற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. கொலை, நோக்கமற்ற கொலை, பாலியல் வல்லுறவு, கொலைசெய்யும் நோக்கிலான தாக்குதல், தீவைப்பு, வீடுடைப்பு, திருட்டு என்ற ஏழு குற்றங்களும் ஒதுக்கிடத்துக்குள் பழங்குடிகளிடையே நடந்தாலும் வெளி நீதிமன்றத்துக்குப் போயின. பின்னாளில் அந்தப் பட்டியல் நீண்டது. அடுத்த ஆண்டு, கலிபோர்னியாவின் ஹூப்பா ஒதுக்கிடத்தில் நடந்த ஒரு கொலை பற்றிய ககாமா வழக்கில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லுபடியாக்கியது. பழங்குடிகள் அரசின் பாதுகாப்பில் உள்ளவர்கள், எனவே அவர்கள்மேல் சட்டம் செய்ய அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதே காரணம். பலவீனமாக்கியவர்களே அந்தப் பலவீனத்தை அதிகாரத்துக்கான காரணமாகக் காட்டினார்கள்.

சிறு குற்றங்களுக்கென்று 1883 இல் இந்தியக் குற்ற நீதிமன்றங்கள் என்ற பெயரில் இன்னோர் அமைப்பு வந்தது. நீதவான்களாகப் பெரும்பாலும் பொலிஸ் அதிகாரிகளே இருந்தனர். சூரிய நடனம் ஆடுவதும், மருத்துவ குருக்களின் சடங்குகளும்கூட அங்கே குற்றங்கள். தம் தாத்தாமாரின் வழிபாட்டைத் தடுப்பது பேரப்பிள்ளைகளின் பொலிஸ் வேலையாகிவிட்டது.

1889 இல் பெரும் ஒதுக்கிடம் துண்டுகளாக உடைக்கப்பட்டது. ரோஸ்பட் அவற்றில் ஒன்று. அதே ஆண்டு நவம்பரில் தென் டகோட்டா ஒரு மாநிலமானது. அதாவது, ஒரு மாநிலத்துக்குள் இருக்கும் ஆனால் அந்த மாநிலத்தின் சட்டத்துக்கு உட்படாத நிலமாக ரோஸ்பட் ஆனது. அடுத்த ஆண்டு பேய் நடனம் என்று அழைக்கப்பட்ட வழிபாட்டு இயக்கம் பரவியது. இறந்தவர்கள் திரும்பி வருவார்கள், காட்டெருமைகள் திரும்பி வரும் என்ற நம்பிக்கை அது. குரோ டோக்கும் அதில் சேர்ந்து, பலரோடு பாட்லான்ட்ஸ் என்ற வறண்ட மலைப்பகுதிக்குப் போனார். டிசெம்பர் 15 ஆம் திகதி ஸ்டாண்டிங் ரொக் ஒதுக்கிடத்தில் சிட்டிங் புல்லைக் கைதுசெய்யப் போன பழங்குடிப் பொலிஸார் அவரைச் சுட்டுக் கொன்றனர். அவருடைய பதின்ம வயது மகனும் கொல்லப்பட்டான். பொலிஸாரிலும் பலர் இறந்தனர். எல்லோரும் ஒரே மொழி பேசியவர்கள், பலர் ஒருவருக்கொருவர் உறவினர்.

அந்த நாட்களில் மலைமுகாமில் ஒரு சம்பவம் நடந்தது. ஏஜென்சிக்குத் திரும்பிச் சரணடைவோம் என்று ஒரு பகுதியினரும், போகவிடமாட்டோம் என்று மற்றவர்களும் நின்றனர். துப்பாக்கிகள் உயர்ந்தன. அப்போது குரோ டோக் நிலத்தில் உட்கார்ந்து போர்வையைத் தலைக்குமேல் இழுத்து மூடிக்கொண்டார் என்று அக்காலத்தைப் பதிவுசெய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். லகோட்டா லகோட்டாவைக் கொல்வதைத் தன்னால் பார்க்க முடியாது என்பதே அதன் பொருள். உயர்ந்த கைகள் தாழ்ந்தன.

இந்தக் காட்சியில்தான் நான் நீண்ட நேரம் நின்றேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர் தன் தலைவரைச் சுட்டவர் அவர். அந்த ஒரு குண்டால் தன் மக்கள் இழந்தது எவ்வளவு என்பதை 1890 இல் அவரைவிட வேறு யார் அறிந்திருப்பார்? அதே மாதம் 29 ஆம் திகதி வூண்டட் நீ ஓடையருகே இராணுவம் சுட்டதில் இறந்தவர்களின் தொகை 150 முதல் 300 வரை என்று வெவ்வேறு கணக்குகள் சொல்கின்றன. பெண்களும் பிள்ளைகளுமே அதிகம்.

குரோ டோக் 1910களின் தொடக்கத்தில் ரோஸ்பட்டில் இறந்தார். ஈடு கொடுத்து முடிந்தாலும் அந்தக் கொலையின் நிழல் குடும்பத்தை விட்டு அகலவில்லை என்று அவருடைய வழித்தோன்றல்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகத் தங்கள் கோப்பையையும் தட்டையும் மற்றவர்களிடமிருந்து தனியே வைத்திருந்தார்களாம். எந்த நீதிமன்றமும் விதிக்காத தண்டனை அது. அவருடைய கொள்ளுப்பேரன் லெனார்ட் குரோ டோக் 1973 இல் வூண்டட் நீ முற்றுகையின்போது ஆன்மிக வழிகாட்டியாக இருந்து, உலகம் அறிந்தவரானார்.

இனி இன்றைய ரோஸ்பட்டுக்கு வருவோம். அங்கே இப்போதும் பழங்குடிப் பொலிஸ் உண்டு. முன்பு ஏஜென்டுக்குக் கட்டுப்பட்டது, இப்போது தெரிவுசெய்யப்பட்ட பழங்குடிச் சபையின் கீழ் இயங்குகிறது. ஆனால் அதன் எல்லை சுருங்கியிருக்கிறது. 1904, 1907, 1910 ஆம் ஆண்டுகளில் கொங்கிரஸ் நிறைவேற்றிய சட்டங்களால் ரோஸ்பட்டின் பெரும் பகுதி குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. அந்தப் பகுதிகள் ஒதுக்கிடத்திலிருந்தே நீங்கிவிட்டன என்று 1977 இல் உயர் நீதிமன்றம் சொன்னது. ஏறத்தாழ டொட் என்ற ஒரு மாவட்டமே மிஞ்சியது. குடியேற்றம் நிலத்தை எடுத்தது, நிலம் போனபோது பொலிஸின் அதிகாரமும் சேர்ந்து போனது. நில அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் ஏன் எப்போதும் ஒன்றாகவே பேசப்படுகின்றன என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

மிஞ்சிய நிலத்திலும் எல்லாம் எளிதல்ல. ஒதுக்கிட வீதியில் ஒரு பழங்குடிப் பொலிஸார் ஒரு வாகனத்தை நிறுத்துகிறார் என்று வையுங்கள். அவர் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டும். செய்தவர் பழங்குடியா? பாதிக்கப்பட்டவர் பழங்குடியா? குற்றம் என்ன? பழங்குடிகளிடையே நடந்த சிறு குற்றமானால் பழங்குடி நீதிமன்றம் விசாரிக்கும். கொலை போன்ற பெருங்குற்றமானால் எஃப்.பி.ஐ. வரும், வழக்கு சமஷ்டி நீதிமன்றத்துக்குப் போகும். வெள்ளையர் ஒருவர் இன்னொரு வெள்ளையருக்குச் செய்த குற்றமானால், ஒதுக்கிடத்துக்குள் நடந்தாலும் அது மாநிலத்துடையது.

வெள்ளையர் பழங்குடிக்குச் செய்த குற்றந்தான் அதிகம் வலிக்கும் இடம். 1978 இல் வொஷிங்டன் மாநிலத்தின் சுக்குவாமிஷ் மக்கள் தொடர்பான ஒலிஃபன்ட் வழக்கில், பழங்குடி அல்லாதவர்களைப் பழங்குடி நீதிமன்றம் குற்றவியல் ரீதியில் விசாரிக்க முடியாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே பழங்குடிப் பொலிஸ் அதிகாரி ஒருவரைத் தாக்கியதில் தொடங்கியது. தன்னைத் தாக்கியவரைத் தன் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாத பொலிஸ் என்ற நிலை அன்று உறுதியானது. பெண்கள் பட்ட துன்பமும் அவர்கள் நடத்திய நீண்ட போராட்டமும் 2013 இல் சிறு கதவைத் திறந்தன. குடும்ப வன்முறை வழக்குகளில், குறித்த நிபந்தனைகளுடன், பழங்குடி நீதிமன்றங்கள் வெளியாரையும் விசாரிக்கலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. 2022 இல் அது மேலும் சில குற்றங்களுக்கு விரிந்தது. ஆனால் அதே 2022 இல், ஒக்லஹோமாவிலிருந்து வந்த வழக்கொன்றில், பழங்குடிகளுக்கு எதிராக வெளியார் செய்யும் குற்றங்களை மாநிலங்களும் விசாரிக்கலாம் என்று உயர் நீதிமன்றம் சொல்லி, மாநிலத்தின் கையை ஒதுக்கிடத்துக்குள் நீட்டிவிட்டது.

சில மாநிலங்களில் நிலைமை வேறு. 1953 இல் நிறைவேறிய பொதுச்சட்டம் 280 கலிபோர்னியா உள்ளிட்ட சில மாநிலங்களுக்கு ஒதுக்கிடங்களின் குற்றவியல் அதிகாரத்தைக் கையளித்தது. சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் கேட்கப்படவில்லை. தென் டகோட்டா தனக்கு ஒதுக்கிடங்களின் நெடுஞ்சாலைகள் மட்டும் வேண்டும் என்று முயன்றது. ரோஸ்பட் மக்கள் வழக்குப் போட்டார்கள். 1990 இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. இன்றும் மாநிலப் பொலிஸார் ரோஸ்பட் வீதியில் ஒரு லகோட்டாவுக்குத் தாமாகக் குற்றப்பத்திரம் எழுத முடியாது. குரோ டோக்கின் ஊர் வென்ற ஒரு வழக்கு இது.

2021 இல் இன்னொரு தெளிவு வந்தது. மொன்டானாவில் குரோ மக்களின் ஒதுக்கிடத்தைக் கடக்கும் நெடுஞ்சாலையில் நின்றிருந்த ஒரு வாகனத்தைப் பழங்குடிப் பொலிஸ் அதிகாரி சோதித்தபோது ஆயுதங்களும் போதைப்பொருளும் அகப்பட்டன. சாரதி பழங்குடி அல்லர். அவரைத் தடுத்துவைக்க அந்த அதிகாரிக்கு அதிகாரம் உண்டா என்பதே கேள்வி. உண்டு என்று உயர் நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. சந்தேகத்துக்குக் காரணம் இருந்தால் நிறுத்தலாம், சோதிக்கலாம், உரிய பொலிஸ் வரும்வரை தடுத்துவைக்கலாம். விசாரித்துத் தண்டிக்க மட்டும் முடியாது. இந்த இடைவெளியை நிரப்ப, பல ஒதுக்கிடங்கள் அயல் மாவட்டங்களோடு உடன்பாடு செய்து, ஒருவரின் அதிகாரத்தை மற்றவருக்கும் வழங்கிக்கொள்கின்றன.

காகிதத்தில் இது ஓர் ஒழுங்குபோலத் தெரியும். நடைமுறையில் ஓட்டைகள் பெரியவை. 2005 முதல் 2009 வரை ஒதுக்கிடங்களிலிருந்து வந்த வழக்குகளில் பாதியளவை சமஷ்டி வழக்குத்தொடுநர்கள் எடுக்க மறுத்ததாக அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகமே கண்டறிந்தது. பாலியல் குற்றங்களில் மறுக்கப்பட்டவை 67 சதவீதம். உங்களால் கொலைக்கு நீதி வழங்க முடியாது என்று சொல்லி 1885 இல் அதிகாரத்தை எடுத்துக்கொண்டவர்கள், எடுத்துக்கொண்ட வேலையைச் செய்யவில்லை.

கடைசியாக ஒன்று. டெட்வுட் நிற்கும் கறுப்பு மலைகளை அரசு முறைகேடாகவே எடுத்தது என்று 1980 இல் உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டு, 100 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட நட்டஈட்டை உறுதிசெய்தது. சியூ மக்கள் அதைத் தொடவில்லை. வட்டியோடு சேர்ந்து அது இன்று 1,000 மில்லியனைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் மிக வறிய மாவட்டங்களில் சில அவர்களுடையவை. இருந்தும் மலை வேண்டும், பணம் வேண்டாம் என்று நிற்கிறார்கள்.

600 டொலரையும் எட்டுக் குதிரைகளையும் ஏற்ற அதே மக்கள் இந்தப் பெரும் தொகையை ஏன் ஏற்கவில்லை? முதலாவதைக் கொடுத்தவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, முகத்துக்கு நேரே வந்து, இனிச் சேர்ந்து வாழ்வதற்காகக் கொடுத்தார்கள். இரண்டாவது, எடுத்ததைத் திருப்பித் தராமல் கணக்கை மூடுவதற்காக நீட்டப்பட்டது. உண்மை தெரியாமல் நட்டஈடு வேண்டாம் என்று வீதியோரக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காகப் படங்களோடு அமர்ந்திருக்கும் எங்கள் தாய்மாருக்கு இந்த வேறுபாடு எந்தச் சட்டப் புத்தகமும் இல்லாமலே தெரியும்.

பொலிஸ் அதிகாரம் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று குரோ டோக்கின் வாழ்க்கை சொல்லவில்லை. சீருடை நம்முடைய ஆளின் உடலில் இருப்பது போதாது, கட்டளை எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. நமக்குள் நடந்த கொலைகளை நாமே ஒப்புக்கொண்டு தீர்க்காவிட்டால், அவற்றைக் காரணம் காட்டி நமக்கான சட்டத்தை எழுத வேறு யாரோ காத்திருப்பார்கள் என்றும் சொல்கிறது. எங்களிடமும் அப்படி ஒப்புக்கொள்ளப்படாத கொலைகள் இருக்கின்றன. யார் செய்தது என்று ஊருக்குத் தெரியும், ஆனால் எவரும் அந்த வீட்டு வாசலுக்குப் போகவில்லை. மலைமுகாமில் போர்வையால் தலையை மூடி உட்கார்ந்த அந்த முதியவரை நினைக்கும்போதெல்லாம், அந்த வாசல்கள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன.